மேற்கையில் தசைநாண் தானாக அறுவது ஏன்?

கீழே விழாமலும் அடிபடாமலும், வழக்கமாகத் தூக்கும் பாரத்தைவிடக் கூடுதலாக எதையும் தூக்காமலும் ஒருவருடைய மேற்கையில் தசைநாண் அறுந்துபோகக்கூடும். கேரட் மூட்டையை லாரியில் ஏற்றும்போதோ, தேயிலைத் தோட்டத்துச் சில்வர் ஓக் மரத்தின் கிளையை அண்ணாந்து வெட்டும்போதோ, சில சமயம் இறுகிப்போன கதவு ஒன்றை இழுத்துச் சாத்தும்போதோகூட இது நேரலாம். தோளிலோ முழங்கையிலோ ஏதோ தெறித்தது போன்ற உணர்வு வரும். ஓரிரு நாளில் தோல் கன்றி நீலம் பாரிக்கும். தசை இடம் மாறித் திரண்டு நிற்கும். நீலகிரியில் இதைச் சுளுக்கு என்றோ, குளிரால் நரம்பு பிடித்துக்கொண்டது என்றோ எடுத்துக்கொண்டு, தைலம் தேய்த்துக் காத்திருப்பவர்கள் உண்டு. பல வேளைகளில் அந்தக் காத்திருப்பால் பெரிய கேடு விளைவதில்லை. ஆனால் ஒரு வகை அறுதலில் மட்டும், காத்திருந்த வாரங்களே கையின் வலிமையைப் பறித்துவிடுகின்றன. அது எந்த வகை என்று தெரிந்துகொள்ள மேற்கையின் அமைப்பைக் கொஞ்சம் அறிந்துகொள்ள வேண்டும்.

தசையை எலும்போடு இணைக்கும் வெண்ணிறமான, உறுதியான நார்க்கற்றைதான் தசைநாண். தசை சுருங்கும்போது எழும் இழுவிசையை அது எலும்புக்குக் கடத்துகிறது. அதனால்தான் மூட்டு அசைகிறது. மேற்கையின் முன்பக்கத்தில், கையை மடக்கும்போது திரண்டு எழும் தசைக்கு இருதலைத் தசை என்று பெயர். உடற்பயிற்சிக் கூடங்களில் பைசெப்ஸ் என்பார்கள். அதன் மேல்முனை இரண்டாகப் பிரிந்து, இரண்டு தசைநாண்களாகத் தோள்பட்டை எலும்பில் பற்றியிருக்கிறது. குட்டையான தசைநாண் அந்த எலும்பின் முன்பக்க முனையொன்றில் நேராகப் போய்ச் சேர்கிறது. அது அறுவது மிக அரிது. நீளமான தசைநாண் தோள்மூட்டுக்குள்ளேயே நுழைந்து, மூட்டுக்குழியின் மேல் விளிம்பைப் பற்றுகிறது. கீழ்முனையிலோ எல்லாம் ஒன்றாகி, ஒரே தசைநாணாக முழங்கையைக் கடந்து, முன்கையின் இரண்டு எலும்புகளில் கட்டைவிரல் பக்கமுள்ள ஆரை எலும்பைப் பற்றுகிறது.

மேலே இரண்டு பிடிமானங்கள், கீழே ஒன்றே ஒன்று என்ற இந்தக் கணக்கை நினைவில் வைத்துக்கொண்டால், மருத்துவர்கள் ஏன் ஒரு நோயாளியிடம் ‘விட்டுவிடலாம்’ என்றும் இன்னொருவரிடம் ‘இந்த வாரமே அறுவை செய்ய வேண்டும்’ என்றும் சொல்கிறார்கள் என்பது பெரும்பாலும் விளங்கிவிடும். மேலே நீளமான தசைநாண் அறுந்தாலும் குட்டையானது தசையைத் தாங்கிக்கொள்ளும். கீழே அறுந்தால் தாங்குவதற்கு அங்கே வேறு ஒன்றும் இல்லை. மேற்கைத் தசைநாண் அறுதல்களில் மிகப் பெரும்பாலானவை தோள் பக்கத்தில்தான் நேர்கின்றன என்பது நமக்கு ஆறுதலான செய்தி.

இருதலைத் தசையின் வேலை முழங்கையை மடக்குவது மட்டும்தான் என்று பலரும் நினைக்கிறோம். அந்த வேலையில் அதற்கு அடியில் மறைந்திருக்கும் வேறொரு தசைக்கும் பெரும் பங்கு உண்டு. இருதலைத் தசை தலைமை தாங்குவது, முழங்கை மடங்கியிருக்கும்போது உள்ளங்கையை மேல்நோக்கித் திருப்பும் செயலில். வலக்கையால் திருகாணியை முடுக்குவதும், தண்ணீர்க் குழாயை இறுக மூடுவதும் இந்தத் திருப்பு விசையால்தான் நடக்கின்றன. தசைநாண் அறுந்தவர்கள் மடக்கும் வலிமையைவிடத் திருப்பும் வலிமையையே கூடுதலாக இழப்பதன் காரணம் இதுதான்.

திடீரென்று நேர்வது போலத் தோன்றுவது

‘தானாக அறுதல்’ என்று மருத்துவத்தில் சொல்லும்போது, நலமான தசைநாண் எளிதில் தாங்கியிருக்கக்கூடிய ஒரு சாதாரண அசைவில் அது அறுந்துவிட்டது என்று பொருள். காரணமே இல்லாமல் அறுந்தது என்று பொருளல்ல. பின்லாந்தின் பெக்கா கன்னுஸும் ஹங்கேரியின் லாஸ்லோ யோஜாவும் 1991இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல சான்று. தானாக அறுந்த தசைநாண்களை 891 நோயாளிகளிடமிருந்து எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தபோது, அவற்றுள் 97 விழுக்காட்டில் அறுவதற்கு முன்பே சிதைவு மாற்றங்கள் இருந்தது தெரிந்தது. இழைகள் ஒழுங்கு குலைந்திருந்தன; உயிரணுக்கள் நலிந்திருந்தன; சிலவற்றில் கொழுப்போ சுண்ணாம்போ படிந்திருந்தது. மூட்டை தூக்கிய அந்த ஒரு நொடி, பல ஆண்டுகளாக நடந்துவந்த தேய்மானத்தின் கடைசி நொடி. ‘அன்றைக்கு அந்த மூட்டையைத் தொடாமல் இருந்திருக்கலாமே’ என்று வருந்துகிறவர்களுக்கு இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்: அந்த மூட்டை இல்லையென்றால் அடுத்த மூட்டையில் அறுந்திருக்கும்.

தேய்மானம் ஏன் சேர்ந்துகொண்டே போகிறது? தசைநாணில் பெரும்பகுதி கொலாஜன் என்னும் புரத இழை, உயிரணுக்கள் குறைவு, இரத்த ஓட்டமும் தசைக்குக் கிடைப்பதைவிட மிகக் குறைவு. ஆகவே சேதமானதைச் சரிசெய்யும் வேகமும் குறைவு. எவ்வளவு குறைவு என்பதை டென்மார்க் ஆய்வாளர்கள் 2013இல் விந்தையான ஒரு வழியில் காட்டினார்கள். 1950களிலும் 1960களின் தொடக்கத்திலும் வானில் நடத்தப்பட்ட அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கதிரியக்கக் கார்பன் கூடியிருந்தது; அக்காலத்தில் உடலில் உருவான திசுக்களில் அதன் அடையாளம் பதிந்துவிட்டது. அதை அளந்து பார்த்தபோது, குதிகால் தசைநாணின் நடுப்பகுதி ஏறத்தாழ 17 வயதுக்குள் உருவாகி முடிந்து, அதன் பிறகு வாழ்நாள் முழுவதும் அநேகமாகப் புதுப்பிக்கப்படுவதே இல்லை என்று தெரிந்தது. அது காலில் செய்த ஆய்வுதான் என்றாலும், தசைநாண்கள் பொதுவாக எவ்வளவு மெதுவாகப் பழுதுபார்த்துக்கொள்ளும் என்பதற்கு அது நல்ல எடுத்துக்காட்டு.

இந்தப் பொதுக் குறையோடு, தோள் பக்கத்து நீளமான தசைநாணுக்குத் தன் பாதையாலும் தொல்லை உண்டு. அது மேற்கை எலும்பின் தலைப்பகுதியைச் சுற்றி வளைந்து, எலும்பில் உள்ள குறுகிய பள்ளம் ஒன்றின் வழியாக இறங்குகிறது. கையை மேலே உயர்த்தி இறக்கும் ஒவ்வொரு முறையும் அந்தப் பள்ளத்தில் தேய்கிறது. மேலிருந்து எலும்பு வளைவு ஒன்றும் அழுத்துகிறது. மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போகும் காய்கறி லாரியில் பாரத்தைக் கட்டிய கயிறு, எப்போதும் ஒரே இரும்பு விளிம்பில் உரசி அந்த இடத்தில் மட்டும் நைந்துபோவதைப் பார்த்திருப்போம். இங்கே நடப்பதும் அதுவே. தோளைச் சுற்றியுள்ள மற்றத் தசைநாண்கள் முன்பே தேய்ந்தோ கிழிந்தோ இருந்தால் உரசல் இன்னும் கூடுகிறது. அதனால்தான் 50 அல்லது 60 வயதைத் தாண்டியவரின் நீளமான தசைநாண் அறுந்தது என்று கேள்விப்பட்டவுடன், மருத்துவர் தோளின் மற்றத் தசைநாண்களையும் சேர்த்துச் சோதிக்கிறார்.

முழங்கைப் பக்கத்தில் நிலைமை வேறு. அங்கே தசைநாண் எலும்பைப் பற்றும் இடத்துக்குச் சற்று மேலே இரத்த ஓட்டம் குறைந்த ஒரு பகுதி இருக்கிறது. உள்ளங்கையைக் கீழ்நோக்கித் திருப்பும்போது இரண்டு எலும்புகளுக்கும் இடையே அந்தப் பகுதி நெருக்கப்படவும் செய்கிறது. இது பெரும்பாலும் 40 முதல் 60 வயது வரையுள்ள ஆண்களுக்கு, அதிகம் புழங்கும் கையில் நேர்வது. முழங்கையை மடக்கிப் பாரத்தைப் பிடித்திருக்கும்போது, பாரம் திடீரெனக் கீழே இழுத்துக் கையை நீட்டிவிடுவதே வழக்கமான காரணம். மலைவீடுகளுக்குப் படிகளில் எரிவாயு உருளையைத் தூக்கிச் செல்கிறவர்களை எண்ணிப் பாருங்கள். நிரம்பிய உருளை ஏறத்தாழ 30 கிலோ எடை. ஈரப்படியில் அது நழுவும்போது ‘விழுந்துவிடக் கூடாது’ என்று கை தன்னறியாமல் எதிர்த்துப் பிடிக்கிறது. அந்த எதிர்ப்பிடியில்தான் தசைநாண் எலும்பிலிருந்து பிய்கிறது.

தேய்மானத்தை விரைவுபடுத்துபவை

வயதையும் வேலையையும் மாற்ற முடியாது. மாற்றக்கூடியவற்றுள் முதலாவது புகைப்பழக்கம். 2002இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், முழங்கைப் பக்கத்து அறுதல் புகைபிடிப்பவர்களுக்கு மற்றவர்களைவிட 7.5 மடங்கு கூடுதலாக நேர்ந்தது. அது சிறிய ஆய்வுதான். ஆனாலும் நிகோடின் இரத்தக் குழாய்களைச் சுருக்கும் என்பதை நினைத்தால், ஏற்கெனவே இரத்தம் குறைவாகப் போகும் ஓரிடத்தில் அது என்ன செய்யும் என்பது ஊகிக்கக் கடினமானதல்ல. குளிருக்கு இதமாக இருக்கும் என்று பீடி பற்றவைக்கும் மலைவழக்கத்துக்கு இது நல்ல செய்தி இல்லை.

அடுத்தது மருந்துகள். இதைப் பலரும் அறிந்திருப்பதில்லை என்பதால் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். சிறுநீர்த்தொற்று, வயிற்றுப்போக்கு, டைபாய்டு போன்றவற்றுக்குக் கொடுக்கப்படும் சிப்ரோஃப்ளாக்சசின், லெவோஃப்ளாக்சசின், ஆஃப்ளாக்சசின் ஆகிய நுண்ணுயிர்க்கொல்லிகள் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. இவை தசைநாணை நலிவடையச் செய்து அறவும் செய்யலாம் என்பதால், அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2008இல் இவற்றின் விவரத்தாளில் கட்டம் கட்டிய கடும் எச்சரிக்கையை அச்சிடச் செய்தது. பெரும்பாலும் குதிகால் தசைநாணே பாதிக்கப்படுகிறது. தோளிலும் மேற்கையிலும் நேர்ந்ததும் பதிவாகியுள்ளது. மாத்திரை தொடங்கி இரண்டு நாளிலும் நேரலாம், முடித்துச் சில மாதங்கள் கழித்தும் நேரலாம். 60 வயதைக் கடந்தவர்களுக்கும், ஸ்டீராய்டு மாத்திரை எடுப்பவர்களுக்கும், சிறுநீரக மாற்று அறுவை போன்றவற்றைச் செய்துகொண்டவர்களுக்கும் ஆபத்து கூடுதல். இந்த மருந்துகள் உயிர் காப்பவையும்கூட. எனவே தாமாக நிறுத்திவிடக் கூடாது. மாத்திரை உட்கொள்ளும் நாள்களில் தோளிலோ முழங்கையிலோ குதிகாலிலோ புதிதாக வலி தொடங்கினால், அந்தக் கைக்கும் காலுக்கும் ஓய்வு கொடுத்து, உடனே மருத்துவரிடம் சொல்லி வேறு மருந்துக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். சீட்டு இல்லாமல் மருந்துக்கடையில் கேட்டு வாங்கி விழுங்குகிறவருக்கு இதைச் சொல்ல ஆள் இருக்காது.

ஸ்டீராய்டு நீண்ட நாள் உட்கொள்வதும், தசைநாணுக்குள்ளேயே ஸ்டீராய்டு ஊசி போடுவதும் தசைநாணைப் பலவீனப்படுத்தும். மூட்டுவலிக்கென்று பெயர்த்தாள் இல்லாமல் விற்கப்படும் பொடிகளிலும் மாத்திரைகளிலும் ஸ்டீராய்டு கலந்திருப்பது உண்டு. உட்கொள்பவருக்கே அது தெரியாது. நீரிழிவு, நாட்பட்ட சிறுநீரக நோய், முடக்குவாதம் ஆகியவையும் இந்தப் பட்டியலில் சேரும். குளிர் தனியாகத் தசைநாணை அறுத்துவிடாது. ஆனால் உறைபனி விழும் மார்கழி, தை மாத விடியலில், உடல் சூடேறும் முன்பே கனமான வேலையைத் தொடங்குவதைத் தவிர்த்து, சில நிமிடங்கள் கைகளை அசைத்துச் சூடேற்றிக்கொள்வதில் நட்டம் ஒன்றும் இல்லை.

எந்த முனை அறுந்தது என்று எப்படி அறிவது?

தோள் பக்கத்தில் அறுந்தால் வலி தோளின் முன்புறத்தில் சுரீரென்று வரும். கையை மடக்கும்போது தசை கீழிறங்கி, முழங்கைக்கு மேலே உருண்டையாகத் திரண்டு நிற்கும். தோளுக்குக் கீழே ஒரு பள்ளம் தெரியும். பழைய கேலிச்சித்திரக் கதாநாயகனின் கையை நினைவூட்டுவதால் மருத்துவர்கள் இதைப் பாப்பாய்க் கை என்பார்கள். கன்றல் மேற்கையில் தோன்றி, நாள் செல்லச் செல்ல முழங்கை வரை இறங்கும். சிலருக்கு, மாதக்கணக்கில் இருந்த தோள்வலி தசைநாண் அறுந்த பிறகு குறைந்தும் போகிறது. நைந்த தசைநாண்தான் வலிக்குக் காரணமாக இருந்தது, அது இழுபடுவது நின்றதும் வலியும் நின்றது. கட்டி வந்துவிட்டதோ என்று அஞ்சி வருகிறவர்களும் உண்டு. கையை மடக்கும்போது பெரிதாகி, நீட்டும்போது சிறிதாகும் திரட்சி தசையாகவே இருக்க வாய்ப்பு அதிகம்; ஆனாலும் தெறிப்போ கன்றலோ இல்லாமல் மெல்ல வளர்ந்த திரட்சியை மருத்துவரிடம் காட்டாமல் இருக்கக் கூடாது.

முழங்கைப் பக்கத்தில் அறுந்தால் வலி முழங்கை மடிப்பில் வரும்; கன்றல் அங்கும் முன்கையிலும் பரவும்; தசை மேல்நோக்கிச் சுருங்கித் தோளை நோக்கித் திரளும். திரட்சி கீழே போனதா மேலே போனதா என்பதே எளிய அடையாளம். உடல் பருத்தவர்களுக்கும், வீக்கம் மிகுந்தவர்களுக்கும் இது தெளிவாகத் தெரியாது. அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையைச் சேர்ந்த மருத்துவர் ஓட்ரிஸ்கால் 2007இல் விவரித்த கொக்கிச் சோதனை அப்போது உதவுகிறது. முழங்கையைச் செங்கோணமாக மடக்கி, உள்ளங்கையைத் தம் முகத்தை நோக்கித் திருப்பும்படி நோயாளியிடம் சொல்லி, மருத்துவர் முழங்கை மடிப்பின் வெளிப்பக்கத்திலிருந்து தம் சுட்டுவிரலை நுழைத்துப் பார்ப்பார். நலமான கையில் கயிறு போன்ற தசைநாணின் அடியில் விரல் மாட்டிக்கொள்ளும். முழுவதும் அறுந்த கையில் மாட்டுவதற்கு ஒன்றும் இருக்காது. பாதி மட்டும் கிழிந்திருந்தால் இந்தச் சோதனை ஏமாற்றிவிடும், அல்ட்ராசவுண்டும் எம்.ஆர்.ஐ.யும் அங்கேதான் தேவைப்படுகின்றன. எக்ஸ்ரேயில் தசைநாண் தெரியாது. எலும்பு முறிவு இல்லை என்று உறுதிசெய்யவே அதை எடுக்கிறார்கள். ‘எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது’ என்பதைத் தசைநாண் நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

இடக்கையில் வலி வந்து, அதோடு நெஞ்சில் அழுத்தம், வியர்வை, மூச்சுத்திணறல் ஏதேனும் இருந்தால் தசைநாணைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்காமல் 108ஐ அழைக்க வேண்டும். கை முழுவதும் வீங்கி இறுகினாலும், விரல்கள் மரத்தோ வெளிறியோ போனாலும் அதுவும் அவசரமே.

மருத்துவம் என்ன செய்யும்?

தோள் பக்கத்து அறுதலுக்கு, குறிப்பாக நடுவயதைக் கடந்தவர்களுக்கு, பெரும்பாலும் அறுவை தேவைப்படுவதில்லை. சில நாள் ஓய்வு, துணியில் சுற்றிய பனிக்கட்டி ஒத்தடம், வலிக்குப் பாராசிட்டமால், பிறகு பிசியோதெரபி என்பதே வழி. வலி சில வாரங்களில் அடங்கும். திரட்சி மட்டும் நிலையாக இருக்கும். திருப்பும் வலிமையில் சிலருக்கு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு வரை குறையலாம். மடக்கும் வலிமையில் குறைவு அதைவிடச் சிறியது. அன்றாட வேலைகளில் பலருக்கு அது தெரிவதே இல்லை. அறுந்ததைத் தைக்காமல் விடுவது அலட்சியம் என்று குடும்பத்தார் சினப்படுவதுண்டு. தீராத தோள்வலிக்காக இதே தசைநாணை அறுவை மருத்துவர்களே வேண்டுமென்று வெட்டிவிடும் சிகிச்சை ஒன்று உலகெங்கும் வழக்கத்தில் இருக்கிறது என்பதை அறிந்தால் அந்தச் சினம் தணியக்கூடும். இளவயதினர், நாள் முழுவதும் திருகியும் முடுக்கியும் வேலை செய்கிறவர்கள், தோளின் மற்றத் தசைநாண்களும் கிழிந்தவர்கள் ஆகியோருக்குத்தான் அறுந்த முனையை மேற்கை எலும்பில் பதிக்கும் அறுவை பரிந்துரைக்கப்படுகிறது. காயத்துக்குப் பிறகு கையைப் பக்கவாட்டில் உயர்த்தவே முடியவில்லை என்றால், தோளின் மற்றத் தசைநாண்களில் பெரிய கிழிசல் இருக்கலாம். அப்போது காத்திருத்தல் சரியல்ல.

முழங்கைப் பக்கத்து அறுதலை அப்படியே விட்டுவிட்டால் திருப்பும் வலிமையில் ஏறத்தாழ 40 விழுக்காடும், மடக்கும் வலிமையில் ஏறத்தாழ 30 விழுக்காடும் குறையும் என்பது பொதுவான மதிப்பீடு. வயது முதிர்ந்து, கனவேலை எதுவும் செய்யாத ஒருவருக்கு அது பொறுத்துக்கொள்ளத் தக்கதாக இருக்கலாம். கையை நம்பிப் பிழைக்கும் 45 வயதுச் சுமைத் தொழிலாளிக்கு அப்படி இல்லை. அறுவையில் தசைநாணை மீண்டும் ஆரை எலும்பில் பொருத்துகிறார்கள். இதை முதல் இரண்டு மூன்று வாரங்களுக்குள் செய்வதே எளிது. அதற்கு மேல் தசை சுருங்கி, தசைநாண் மேலே ஏறி, சுற்றியுள்ள திசுக்களோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு வேறிடத்திலிருந்து தசைநாண் எடுத்து இணைத்துத் தைக்க நேரிடலாம், பலனும் அந்த அளவுக்கு உறுதியாக இராது. அறுவைக்குப் பின் முன்கையின் வெளிப்பக்கத்தில் சில காலம் மரத்துப்போவது அடிக்கடி நேரும் பக்கவிளைவு. பெரும்பாலும் தானே சரியாகும்.

இந்த இரண்டு மூன்று வாரக் கணக்கில்தான் மலையின் சிக்கல் இருக்கிறது. பந்தலூரிலோ கூடலூரிலோ இருக்கும் ஒருவர் முதலில் உள்ளூரில் சுளுக்கு வழித்துக்கொள்கிறார். குறையாததால் ஒரு கட்டுப் போட்டுக்கொள்கிறார். நாள்கூலி போய்விடுமே என்று ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திருக்கிறார். உதகமண்டலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ கோயம்புத்தூருக்கோ போய்ச் சேரும்போது ஒரு மாதம் கடந்திருக்கும். கன்றிய கையை அழுத்தி உருவுவதால் உள்ளே இரத்தக்கசிவு கூடும். அறுந்த முனை அதனால் ஒட்டிக்கொள்ளப் போவதும் இல்லை. ஆகவே தெறிப்பு உணர்வும் கன்றலும் இருந்தால், தேய்க்காமல், கையை ஒரு துணித்தூளியில் தொங்கவிட்டு, முதல் வாரத்திலேயே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய், ‘டப்பென்று தெறித்தது, தசை மேலே ஏறியிருக்கிறது’ என்று நடந்ததை நடந்தபடி சொல்லி, எலும்பு மருத்துவ நிபுணரிடம் அனுப்பும்படி கேட்பது நல்லது. என்ன செய்துகொண்டிருந்தபோது தெறித்தது, எந்த மாத்திரைகளை உட்கொள்கிறோம் என்பனவற்றையும் சொல்ல வேண்டும்.

அறுவைக்குப் பின் வேலைக்குத் திரும்பும் காலத்தைப் பற்றிப் பலரும் குறைத்தே எண்ணுகிறார்கள். தேநீர்க் கோப்பையைத் தூக்குவது போன்ற இலேசான புழக்கம் சில வாரங்களில் தொடங்கும். மூட்டை தூக்கும் வேலைக்கு நான்கு முதல் ஆறு மாதம் வரை ஆகலாம். வலி நின்றுவிட்டதே என்று இரண்டாம் மாதத்தில் மூட்டைக்கடியில் தோள் கொடுத்தால் தையல் பிய்ந்துவிடும். பிசியோதெரபிக்காக ஒவ்வொரு முறையும் மலையிறங்கிப் போக இயலாதவர்கள், 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி அளிக்கும் ஏற்பாடு உண்டு என்பதால், தங்கள் பகுதிச் சுகாதாரப் பணியாளரிடம் கேட்டுப் பார்க்கலாம். ஒரு கையில் முழங்கைப் பக்கத்துத் தசைநாண் அறுந்தவருக்கு மற்றக் கையிலும் அது நேரும் வாய்ப்பு பிறரைவிடக் கூடுதல். அதனால் பின்னாளில் எந்த நோய்க்கு மருத்துவரைப் பார்த்தாலும், மாத்திரை எழுதும் முன்பே இதைச் சொல்லிவிட வேண்டும்.